ஆணி அடிக்காமல் ஒரு பூனை

ஓ.எம்.ஆர். ஓரத்தில் வாடகைக்கு வீடு கேட்டுப் போகிறவனிடம் ஓனர் கேட்கும் கேள்விகள் ஐந்தாறுதான். எத்தனை பேர், எந்தக் கம்பெனி, நான்வெஜ் சமைப்பீர்களா, விருந்தாளிகள் வருவார்களா, சுவரில் ஆணி அடிப்பீர்களா, பெட்ஸ் உண்டா. விடைகள் புரோக்கருக்கே மனப்பாடம்: கொஞ்சம் பேர், நல்ல கம்பெனி, வெளியில் மட்டும், எங்களுக்கு உறவே கிடையாது, ஐயோ, ஐயையோ. இந்தப் பரீட்சையில் நான் முதல் வகுப்பு. சிறுசேரியில் ஏழாவது மாடியில் இரண்டு படுக்கையறை வீடு ஒன்று இந்த விடைகளின் பேரில்தான் கிடைத்தது. ஓராண்டைத் தாண்டிய குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்று 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் சொல்லப்போக, எங்களைப் போன்ற குடித்தனக்காரர்களுக்கு ஆண்டு என்பது பதினோரு மாதம் என்று ஆகிவிட்டது. ஒவ்வொரு பதினோரு மாதத்துக்கும் அதே விடைகளை அதே பணிவோடு சொல்லி வந்திருக்கிறேன்.

பூனையைத் தத்துக் கேட்டபோதுதான் பாடத்திட்டத்துக்கு வெளியே இருந்து கேள்வி வந்தது.

அந்தப் பூனை சிப்காட் வாசலில் நிற்கும் கம்பெனி பஸ் ஒன்றின் எஞ்சினுக்குள் குட்டியாகக் கிடந்ததாம். அதை வெளியே எடுத்து, தடுப்பூசி போட்டு, கருத்தடையும் செய்து வைத்திருந்தது ஒரு சின்னக் குழு. எல்லோரும் பகலில் மென்பொருள் எழுதிவிட்டு இரவில் பூனை பொறுக்குகிற பிள்ளைகள். படத்தை என் மகள் யாருடைய போனிலோ பார்த்துவிட்டாள். பழுப்பும் வெள்ளையுமாக இருந்ததால் பார்த்த மாத்திரத்தில் சுண்டல் என்று பெயரும் வைத்துவிட்டாள். பெயர் வைத்த பிறகு மறுப்பது நடக்கிற காரியமா?

படிவம் வந்தது. வேலை போனால் பூனை என்ன ஆகும்? வெளிநாடு போனால்? வீடு மாறினால்? வீட்டில் எல்லோருக்கும் சம்மதமா? மாதம் எவ்வளவு செலவு செய்ய முடியும்? இரவில் உடம்பு முடியாமல் போனால் எந்த டாக்டரிடம் கொண்டுபோவீர்கள்? என் மாமனார் எனக்குப் பெண் கொடுத்தபோது இதில் பாதிகூடக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்பது என் மனைவியின் கருத்து. கடைசிக் கேள்விதான் கழுத்தைப் பிடித்தது: வாடகை வீடு என்றால், உரிமையாளரின் சம்மதம் எழுத்தில் உண்டா?

சட்டம் படித்துக்கொண்டு போனால் ஓனர் பணிவார் என்று முதலில் எனக்கு ஒரு நம்பிக்கை. விலங்குகளுக்கான சட்டத்தைப் பொறுத்தவரை நம் பக்கத்துக்குப் பெருமையே உண்டு. ஈ.சி.ஆர். ஆரம்பிக்கிற திருவான்மியூரில் கலாக்ஷேத்ராவை நடத்திய ருக்மிணி தேவி அருண்டேல், 1952-இல் மாநிலங்களவைக்குப் போனவர். அங்கே அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதாதான் 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்துக்கு வழிவிட்டது. அந்தச் சட்டத்தின்படி 1962-இல் அமைந்த இந்திய விலங்குகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். வாரியத்தின் தலைமையகமும் பல பத்தாண்டுகள் சென்னையில்தான் இருந்தது. அதற்கும் முன்பே, 1959-இல், விமானியான கேப்டன் வி. சுந்தரம் சென்னையில் புளூ கிராஸைத் தொடங்கிவிட்டார். அரசியலமைப்பின் 51ஏ பிரிவு வேறு, உயிர்களிடத்தில் கருணை காட்டுவது குடிமகனின் கடமை என்கிறது, 1976-இல் சேர்த்தது. அடுக்குமாடிச் சங்கங்கள் கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றினாலும் செல்லப்பிராணிகளுக்குத் தடை போட முடியாது என்று 2015-இல் வாரியம் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. எல்லாவற்றையும் அச்செடுத்து, மஞ்சள் மையால் கோடு போட்டு வைத்தேன்.

மனைவி தாள்களைப் புரட்டிப் பார்த்தாள். “இதெல்லாம் அசோசியேஷனுக்குச் சொன்னது. நீங்க கையெழுத்துப் போட்டது ஓனர்கிட்ட. நீங்க சட்டம் பேசினா, அவர்கிட்ட இருக்குற அட்வான்ஸ் பேசும்.”

அட்வான்ஸ் விஷயத்திலும் சட்டம் என் பக்கம்தான், ஒரு மாதிரி. 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது, ஒப்பந்தத்தில் வேறாக எழுதிக்கொண்டாலொழிய. அந்த ‘ஒழிய’வுக்குள் எங்கள் சேமிப்பு போய் உட்கார்ந்து வருஷங்கள் ஆகின்றன. தாள்களை மடித்து பீரோவில் வைத்தேன்.

ஆக, என்னிடம் மிஞ்சியது பணிவு. பணிவென்றால் எந்த மாதிரிப் பணிவு என்று தெரிய வேண்டுமானால் மாமல்லபுரம் போக வேண்டும். எங்கள் வாசலில் ஓடுகிற ஓ.எம்.ஆர். கேளம்பாக்கம், திருப்போரூர் தாண்டிப் பூஞ்சேரியில் முடிகிறது. அங்கிருந்து கூப்பிடு தூரம். ஏழாம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பி அந்தப் பெரிய பாறையில், யானையின் காலடியில், ஒரு பூனையை நிறுத்தியிருக்கிறான். பின்னங்காலில் எழுந்து, முன்னங்கால் இரண்டையும் தலைக்கு மேலே தூக்கிக் கடுந்தவம். சுற்றிலும் எலிகள் பக்தியோடு நிற்கின்றன. பாறையின் இடப்பக்கம் நிஜமாகவே தவம் செய்கிற ஒருவர் இருக்கிறார். அவர் அர்ச்சுனனா பகீரதனா என்று அறிஞர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். பூனை எதற்கு நிற்கிறது என்பதில் மட்டும் கருத்து வேறுபாடே இல்லை. மகாபாரதத்தில் துரியோதனன் போருக்கு முன்னால் உலூகனிடம் சொல்லி அனுப்புகிற கதையில் வருகிற ஆசாமி அது. கங்கைக் கரையில் தவசியாக நின்று, அடைக்கலம் வந்த எலிகளை ஒவ்வொன்றாக முடித்த புண்ணியவான். ஓனரிடம் போனில் பேசும்போது நான் எடுத்துக்கொள்கிற தோரணையை ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் வெட்டி வைத்துவிட்டார்கள்.

ஓனர் கோயம்புத்தூர்க்காரர். வீட்டைப் பார்ப்பதைவிட வாடகை வந்த குறுஞ்செய்தியைப் பார்ப்பதுதான் அதிகம். விஷயத்தைச் சுற்றி வளைத்து, மகளின் தனிமை, அவள் மதிப்பெண், மழைக்காலம் என்றெல்லாம் அலைந்து கடைசியில் ‘பூனை’ என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

“பூனைங்களா? எலி புடிக்குங்களா?”

எங்கள் கட்டடத்தின் பைப் சந்துகளில் எலி உண்டு. ஒருமுறை அவருடைய ஏ.சி. வயரையே கடித்துத் துப்பியிருக்கிறது. “அதுதானே சார் அதன் தொழில்!” என்றேன். “அப்ப நல்லதுதானுங்க” என்றார். எழுத்தில் கேட்டதற்கு வாட்ஸாப்பில் ஒரு கட்டைவிரலை அனுப்பினார். குழு அதையே சம்மதமாக ஏற்றுக்கொண்டது.

ஒரு தகவலை அவரிடம் சொல்லாமல் விட்டேன். நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரு குப்பைக் கிடங்கில், எலிகளும் தெருப்பூனைகளும் சேர்ந்து குடியிருக்கிற இடத்தில், ஆராய்ச்சியாளர்கள் கேமரா வைத்துப் பார்த்திருக்கிறார்கள். 79 நாள் பதிவில் பூனைகள் கொன்ற எலிகள் இரண்டே இரண்டு. 2018-இல் வெளிவந்த ஆய்வு. வளர்ந்த எலியோடு மல்லுக்கட்டப் பூனைக்கு அப்படியொன்றும் ஆர்வமில்லையாம். மாமல்லபுரத்து எலிகள் அவ்வளவு நிம்மதியாக நிற்பதற்குப் பக்தி மட்டும் காரணமில்லை என்று தோன்றுகிறது.

அடுத்து வீட்டைப் பார்வையிட ஒரு பெண் வந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். கம்பெனி அடையாள அட்டையைக் கழற்றாமலே வந்துவிட்டாள். பக்கத்துக் கட்டடத்தில் டெஸ்டிங் வேலை. நானும் டெஸ்டிங்தான், அடுத்தவர் எழுதியதில் ஓட்டை கண்டுபிடிப்பதற்கு இருபது வருஷமாகச் சம்பளம் வாங்குகிறேன். அவள் சம்பளமே இல்லாமல் என் வீட்டில் கண்டுபிடித்தாள்.

“அங்கிள், இந்த எக்ஸாஸ்ட் ஃபேன் எங்க?”

எக்ஸாஸ்ட் ஃபேன் நாங்கள் குடிவந்தபோதே இல்லை. அதன் ஓட்டை மட்டும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. பாத்ரூம் வென்டிலேட்டரில் இரண்டு கண்ணாடிப் பட்டை கிடையாது. சமையலறை ஜன்னல் கொக்கி மாட்டாது. அதற்கென்றே ஒரு கரண்டி உண்டு. டி.வி.க்குப் பின்னால் வயர்கள் தொங்கின. பால்கனிக் கம்பிகளுக்கு நடுவே தன் கையை வைத்து அளந்தாள். “தலை போற இடத்துல உடம்பும் போயிடும் அங்கிள். பூனைக்குத் தோள் எலும்பு நம்ம மாதிரி இறுகப் பூட்டியிருக்காது.”

இத்தனை ஓட்டைகளுக்கு நடுவில்தான் என் மகள் தவழ்ந்து, எழுந்து, நடக்கப் பழகினாள். அப்போது அளந்து பார்க்க யாரும் வரவில்லை. நாங்களே ஓனரிடம் சொன்னபோது ‘பார்க்கலாமுங்க’ என்றார். நாங்களும் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

“ஏழாவது மாடின்னா என்ன? பூனை எங்கேருந்து விழுந்தாலும் கால்லதான் நிக்கும்” என்றாள் அம்மா, கூடத்து நாற்காலியிலிருந்து.

“நிக்கும் பாட்டி. தாடையும் காலும் உடைஞ்சு நிக்கும்.”

இதற்கும் ஆய்வு இருக்கிறது; அதுவும் நியூயார்க்தான். மாடியிலிருந்து விழுந்து ஆஸ்பத்திரிக்கு வந்த 132 பூனைகளைப் பற்றி 1987-இல் எழுதியிருக்கிறார்கள். பத்தில் ஒன்பது பிழைத்தன. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆஸ்பத்திரிவரை வந்தவற்றின் கணக்கு மட்டும்தான் அது. கீழேயே கதை முடிந்ததை யார் தூக்கிக்கொண்டு வருவார்கள்? வலை இல்லாமல் பூனை இல்லை என்று அந்தப் பெண் எழுதிக்கொண்டாள்.

பிறகு விஷப் பட்டியல். அம்மாவின் மாத்திரை டப்பாவைத் திறந்து பாராசிட்டமாலை எடுத்துக் காட்டினாள். ஒரே மாத்திரை ஒரு பூனையைக் கொன்றுவிடுமாம். அதை முறித்து வெளியேற்றும் வசதி பூனையின் கல்லீரலுக்குப் போதாது. பினாயிலுக்கும் அதே கதை: தரையில் துடைத்ததைப் பாதத்தால் மிதித்து, பாதத்தை நாக்கால் நக்கி, உள்ளே போய்விடும். பீரோவில் அந்துருண்டை கூடாது. வெங்காயம், பூண்டு ரத்தத்தின் சிவப்பணுவை உடைக்கும். ஆகவே சாம்பார் சாதத்தில் பங்கு கிடையாது. லில்லிப் பூ வாங்கிச் சாடியில் வைக்கக் கூடாது, அதன் மகரந்தம் பட்டாலே சிறுநீரகம் போய்விடும். எங்கள் வீட்டில் சாடியே இல்லை என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். பூஜை அலமாரிக்கு வந்தபோது அம்மா எழுந்துவிட்டாள்.

“சாமியையும் காலி பண்ணச் சொல்லுவியாம்மா?”

“சாமி இருக்கட்டும் பாட்டி. கற்பூரத்த மட்டும் மூடி போட்ட டப்பாவுல வைங்க.”

அதுவரை பூனையை எதிர்த்துக்கொண்டிருந்த அம்மா, அந்தப் பெண்ணின் ‘பாட்டி’யில் பாதி கரைந்திருந்தாள். தினம் ஒரு கிண்ணம் பால் வைக்கிறேன் என்று தானாகவே முன்வந்தாள். பாலும் கூடாது என்று பதில் வந்தது. வளர்ந்த பூனைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பால் செரிக்காது, வயிற்றுப்போக்குதான். “பால் குடிக்காத பூனையா?” என்று அம்மா என்னைப் பார்த்தாள். தெனாலிராமன் பூனைகூடக் கொதிக்கிற பாலில் சூடுபட்டுக்கொண்ட பிறகுதான் மறுத்தது. கம்பரோ, பாற்கடலையே நக்கித் தீர்க்கக் கிளம்பிய பூனை என்று அவையடக்கத்தில் தம்மைச் சொல்லிக்கொள்கிறார். இத்தனை பெரியவர்கள் கொடுத்த சாட்சியை லாக்டோஸ் என்கிற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அந்தப் பெண் ஒதுக்கித் தள்ளிவிட்டாள். பாயசம் பற்றி அம்மா கேட்பதற்கு முன் நானே முந்திக்கொண்டேன்: பூனைக்கு இனிப்புச் சுவையே தெரியாது. அதற்கான மரபணு பூனைக் குலத்தில் பழுதாகிக் கிடக்கிறது என்று 2005-இல் கண்டுபிடித்திருக்கிறார்கள். “பாவம்” என்றாள் அம்மா. எதிர்க்கட்சி அத்தோடு கலைந்தது.

மீதியிருந்தது கறி. பூனைக்கு டாரின் என்கிற சத்து உணவிலிருந்தே வந்தாக வேண்டும், அது மாமிசத்தில்தான் இருக்கிறது. தயிர்சாதத்தில் காலம் தள்ள முடியாது. ‘நான்வெஜ் வெளியில் மட்டும்’ என்று வாய்ப்பிரமாணம் கொடுத்த வீட்டில், உள்ளேயே உட்கார்ந்து சட்டபூர்வமாக மீன் தின்னப்போகிற ஒரே ஜீவன் வரப்போகிறது. எனக்குக் கோவளத்து வஞ்சிரம் ஞாபகம் வந்தது. மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டு, “அதுக்கு மட்டும்” என்றாள்.

வலைக்கு ஆள் வந்தார். புறாவுக்குக் கட்டுகிற நைலான் வலையைப் பூனை பல்லால் அறுத்துவிடும், கோழி வலை எங்கள் பக்கத்து உப்புக் காற்றில் துருப்பிடித்து உதிரும், எஸ்.எஸ். மெஷ்தான் நிற்கும் என்றார். டிரில்லரை எடுத்தார். நான் பாய்ந்து அவர் கையைப் பிடித்தேன். இந்த வீட்டில் ஆணி அடிக்கக் கூடாது. எங்கள் கல்யாணப் படம் இன்றும் பிரிட்ஜ் மேல் சாய்ந்து நிற்பதே அதனால்தான். காலண்டர் ஜன்னல் கம்பியில் தொங்குகிறது. கடிகாரம் புத்தகங்களுக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கிறது.

“ஓட்டை போடாம எப்படி சார் நிக்கும்?”

“நாங்க நிக்கலையா?” என்றேன். அவருக்குப் புரியவில்லை.

கடைசியில் கேளம்பாக்கத்திலிருந்து ஒரு தச்சரை அழைத்துவந்து, பால்கனி அளவுக்கு ரீப்பர் கட்டையில் சட்டம் செய்து, அதில் மெஷ்ஷை அடித்து, சட்டத்தை இண்டு இடுக்கில்லாமல் செருகி, கைப்பிடிக் கம்பிகளோடு கேபிள் டையால் இறுக்கினோம். சமையலறை ஓட்டைக்கும் வென்டிலேட்டருக்கும் அதே வைத்தியம். ஓனரின் சுவரில் ஒரு கீறல் இல்லை. வேலை முடிந்ததும் தச்சர் தள்ளி நின்று பார்த்தார். “நம்ம வீட்டுக்கே இவ்ளோ செய்யல சார்” என்றார். எந்த வீட்டைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. எனக்கும் பொருந்தியது.

புதிதாக வருகிற பூனைக்கு முதலில் ஓர் அறையை மட்டும் ஒதுக்கி, அந்த இடம் பழகிய பிறகே மற்ற இடங்களைத் திறந்துவிட வேண்டும் என்பது விதி. இருப்பது இரண்டு அறை. ஒன்றில் அம்மாவும் மகளும், இன்னொன்றில் நாங்கள். அதன் ஜன்னலோரம்தான் என் அலுவலக மேசை. குடும்பம் கூடி யோசித்தது. யோசனை முடிந்தபோது நானும் என் மடிக்கணினியும் சாப்பாட்டு மேசைக்கு மாறியிருந்தோம். மனைவி அம்மாவின் அறைக்குப் போனாள். எனக்குக் கூடத்து சோபா. வாடகை கட்டுகிறவன் நான் என்பதை மெதுவாக எடுத்துச் சொல்லிப் பார்த்தேன். “அதான் பெரிய ரூமா குடுத்திருக்கோம் அதுக்கு” என்றாள் மகள்.

கழிப்பிட விஷயத்தில் என்னிடம் ஒரு சிக்கனத் திட்டம் இருந்தது. கடையில் விற்கிற பூனை மணலின் விலை, பொன்னி அரிசிக்குக் கொஞ்சம் மேலே. பூனை மணல் என்கிற வியாபாரமே 1947-இல் அமெரிக்காவில் எட் லோ என்பவர் ஆரம்பித்தது. அதற்கு முன்பு அங்கேயும் சாம்பலும் மண்ணும்தான். நமக்கோ பத்து நிமிஷத்தில் கோவளம். ஒரு சாக்கு போதாதா? மனைவி கேட்ட கேள்வி: “ப்ளூ ஃபிளாக் வாங்கின பீச்சுங்க அது. 2021-லதான் குடுத்தாங்க. அந்த மணலை அள்ளிட்டு வந்து பூனைக்குக் கக்கூஸ் கட்டப்போறீங்களா?” உலகத்தரச் சான்றிதழ் பெற்ற மணல் என்பதே என் கட்சிக்குத்தானே பலம் என்று வாதாடினேன். எடுபடவில்லை. மூட்டை வந்தது, அறையின் ஒரு மூலையில் தட்டு வைக்கப்பட்டது. சாப்பாட்டுக் கிண்ணத்துக்கும் அதற்கும் நடுவே தூரம் இருக்க வேண்டும் என்று கட்டளை. கணக்குப் பார்த்ததில் தூரம் என் மேசைக்கு அடியில் வந்து முடிந்தது.

சுண்டல் ஒரு சனிக்கிழமை மாலை கூடையில் வந்து இறங்கியது. இடது காதின் நுனி மட்டும் நேராக வெட்டியிருந்தது. கருத்தடை ஆனதற்கு அடையாளம். கதவைத் திறந்ததும் அறையைச் சுற்றிப் பார்க்கவில்லை, எங்களையும் பார்க்கவில்லை. நேராகக் கட்டிலுக்கு அடியில் போய்ச் சுவரோரமாக உட்கார்ந்துகொண்டது. மகள் தரையில் படுத்துக்கொண்டு அதற்கு மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை வாசித்துக் காட்டினாள். பழகுவதற்கு மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று படிப்படியாகக் கணக்கு வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். இழுக்கக் கூடாது, துரத்தக் கூடாது. கூடத்தில் டி.வி. சத்தம் குறைந்தது. குக்கர் விசில் வந்தால் அம்மா ஓடினாள். நான் தும்மல் வந்தால் மாடிப்படிக்குப் போனேன்.

மெதுவாக அது வெளியே வந்தது. முதலில் இரவுகளில், பிறகு மதியங்களில். முழு வீடும் அதற்குப் பழகிய பிறகு என் மேசை எனக்குத் திரும்பக் கிடைத்தது. அடியில் இருந்த தட்டு மட்டும் அங்கேயே நின்றுவிட்டது, இடம் மாற்றினால் பூனைக்குக் குழப்பமாம். வெளிநாட்டு வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டிருக்கும்போது மேசைக்கடியில் சரக் சரக் என்று மணல் தள்ளும் சத்தம் கேட்கும். கட்டட வேலை நடக்கிறதா என்று ஒருநாள் கேட்டார்கள். சிறுசேரியில் மெட்ரோ வேலை நடக்கிறது என்று உண்மையையே சொன்னேன்.

பதினோரு மாதம் முடிந்தது. இந்த முறை ஓனரே நேரில் வந்துவிட்டார், சென்னையில் ஏதோ கல்யாணமாம். வீட்டைச் சுற்றி நடந்தார். பால்கனிச் சட்டத்தைத் தட்டிப் பார்த்தார். சமையலறை ஓட்டைக்குப் போட்ட மெஷ்ஷில் விரல் விட்டுப் பார்த்தார். வென்டிலேட்டரை அண்ணாந்து பார்த்தார். சுவர்களைத் தடவி, ஆணியில்லை என்று கண்டு மகிழ்ந்தார். சோபாவில் உட்கார்ந்து காபியை ஆற்றிக்கொண்டே சொன்னார்:

“வீட்டை நல்லா வெச்சிருக்கீங்க. இப்ப இது பெட் ஃப்ரெண்ட்லி வீடு ஆயிப்போச்சுங்க. வெளியில இதுக்கு ரேட்டே வேற, விசாரிச்சேன். ஒரு ரெண்டாயிரம் ஏத்திக்கலாமுங்களா?”

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது: “ஏண்டா, அந்த வலையெல்லாம் நாமதானே போட்டோம்?” நான் அவசரமாக இருமினேன். “சரிங்க சார்” என்றேன்.

ஓனர் எழுந்தார். டி.வி.க்குப் பின்னால், கட்டி ஒழுங்குபடுத்தியிருந்த வயர்களுக்குப் பக்கத்தில் சுண்டல் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தது. அதைக் குனிந்து பார்த்தார்.

“இதுவரைக்கும் எத்தனை எலி புடிச்சிருக்குங்க?”

“அதையெல்லாம் நாங்க எண்ணுறதில்ல சார்” என்றேன்.